கார்வெல் நகரின் பியர் கடைகளுக்கு ஒரு வழிகாட்டி

கார்வெல், மொன்டானா
ஆகஸ்ட் 9

ஹாலிஸுக்கு,

நான் நலம். நீயும் உன் அண்ணன் வெர்னும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் கடைசியாகப் பேசியபோது நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று உனக்கும் நினைவிருக்கும். காகிதம் என்றால் கோபத்தில் எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். இது மூன்றாவது தாள்.

ஒரு உதவி வேண்டும். வணிகர் சங்கத்து டார்லீன் என்னைப் பிடித்துக்கொண்டாள். இலையுதிர் காலத்தில் கல்லூரிப் பந்தாட்டம் பார்க்கப் பிள்ளைகளின் பெற்றோர் வந்து குவிவார்களே, அவர்கள் கையில் கொடுக்க, ஊரில் சொந்தமாக பியர் காய்ச்சும் கடைகளைப் பற்றி ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகம் வேண்டுமாம். "காலேஜ்ல இத்தனை வருஷம் பசங்க கட்டுரையைத் திருத்துனீங்க, உங்களுக்கு இதெல்லாம் தூசு" என்றாள். எனக்கு பியரே பிடிக்காது என்றேன். "ரொம்ப நல்லதாப் போச்சு, அப்ப நிதானமா எழுதுவீங்க" என்கிறாள். இவளிடம் என்ன பேசுவது?

ஒத்துக்கொண்டேன். சிக்னேயை ஆறு கொண்டுபோன பிறகு நான் ஒரு பியர் கடை வாசலையும் மிதிக்கவில்லை. நம் மகள் காய்ச்சிய பியரைக் குடித்தவர்கள், அவளைத் தோளில் தட்டிப் பேசியவர்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு வருஷமாகத் தெருவின் எதிர்ப்பக்கமாகவே நடந்து எனக்கு அலுத்துவிட்டது.

நீ கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடிக்கிறவன். ருசி பார்ப்பது எப்படி என்று எழுது. கசப்பு, இனிப்பு தவிர எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தபோது நீ நிலவறையைக் காலிசெய்து, சிக்னேயின் கண்ணாடிச் சாடிகள், பானைகள், குழாய்கள் ஒன்றுவிடாமல் அப்புறப்படுத்தி, தரையைப் பிளீச் போட்டுக் கழுவி வைத்திருந்தாயே, அதை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அது வேறு. இது பியரைப் பற்றிய கடிதம்.

மார்கிட்


ஹோல்கம்ப், நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 17

அன்புள்ள மார்கிட்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் தபால் பெட்டி அருகிலேயே நின்று படித்தேன். வெர்ன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னடா, யாரு செத்தது?" என்று கத்தினான். அவனுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். இப்போது என்னை வேலை வாங்குவதற்காகவே நன்றாக நடக்கிறான். சோளம் இந்த வருஷம் பரவாயில்லை.

பியர் விஷயம். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார். அப்புறம் குவளைக்குள் மூக்கை விட்டு மோந்து பார். பாதி ருசி அங்கேதான் இருக்கிறது. ஒரு வாய் குடித்து, விழுங்கின பிறகு தொண்டையில் என்ன மிஞ்சுகிறது என்று கவனி. சொல் தேடி அலையாதே. பச்சைப் புல் மாதிரி இருந்தால் பச்சைப் புல் என்று எழுது. ரொட்டியின் கருகின விளிம்பு மாதிரி இருந்தால் அப்படியே எழுது. நீ கல்லூரியில் பிள்ளைகளுக்குச் சொன்னதும் அதைத்தானே.

'நொண்டிக் கரடி' என்ற கடையில் தொடங்கு. அங்கே சத்தம் குறைவு. அப்புறம் பழைய தீயணைப்பு நிலையத்தில் இருக்கும் கடை. அங்கே கறுப்பு பியர் நன்றாக இருக்கும். கல்லூரி வாசலில் இருக்கும் கடைக்குச் சனிக்கிழமை போகாதே, மிதித்துவிடுவார்கள்.

கணவாய்ச் சாலையில் மேலே ரோண்டா டெக்கர் நடத்தும் கடையை விட்டுவிடு. சாலை மோசம்.

நிலவறையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஹாலிஸ்


கார்வெல்
ஆகஸ்ட் 28

ஹாலிஸுக்கு,

கணவாய்ச் சாலையில் இருபத்திரண்டு குளிர்காலம் பனி வாரும் வண்டி ஓட்டியவன் நீ. ஆகஸ்ட் மாதத்தில் அந்தச் சாலை மோசம் என்று எனக்கு எழுதுகிறாய். சரி, இருக்கட்டும்.

நொண்டிக் கரடிக்குப் போனேன். மத்தியான வேளை, கூட்டமில்லை. கடைக்காரன் பெயர் ஆகி. அடையாளம் கண்டுகொண்டான் போலிருக்கிறது, கல்லாவுக்குப் பின்னால் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டே இருந்தான். கோதுமை பியர் கொடுத்தான். நீ சொன்னபடி மோந்து பார்த்தேன்.

ஹாலிஸ், அது நம் நிலவறை. பேரிக்காய், கொஞ்சம் கிராம்பு, அதற்கு அடியில் மழையில் நனைந்த கல். அவள் மேலே ஏறி வந்து என்னைக் கட்டிக்கொள்ளும்போது அவளுடைய கம்பளிச் சட்டையில் இருக்குமே, அதே வாசனை. நான் குவளையைக் கீழே வைத்துவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, பிடிக்கலையா?" என்றான் ஆகி.

"இந்த வாசனை எதுல வருது?"

"பியரைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட்ல வருதுங்க. பார்லி, கசப்புக்குப் போடுற ஹாப்ஸ் பூ எல்லாம் லாரில வந்து இறங்கிடும். ஈஸ்ட் மட்டும் உள்ளூர். ஒரு கடையில நல்லா இருந்தா அடுத்த கடைக்காரன் வந்து ஒரு வாளி வாங்கிட்டுப் போவான். இது தீயணைப்பு நிலையத்துல வாங்குனது. அவங்க யாருகிட்ட வாங்குனாங்களோ."

மறுநாள் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். நீ சொன்ன கறுப்பு பியர். கருகின ரொட்டி, காப்பி, அதற்குள்ளேயும் அதே பேரிக்காய். குவளையை வாய்க்குக் கொண்டுபோகும்போது இடது காதுக்கு வெகு பக்கத்தில், "கொஞ்ச நேரம் வச்சிருந்து குடிம்மா. ஜில்லுனு குடிச்சா ஒண்ணும் தெரியாது" என்று கேட்டது.

திரும்பினேன். காலி நாற்காலிதான் இருந்தது.

எனக்கு வயது அறுபத்தொன்று. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. அது அவள் குரல். ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

மார்கிட்


ஹோல்கம்ப்
செப்டம்பர் 3

அன்புள்ள மார்கிட்,

புத்தகத்தை விட்டுவிடு. டார்லீன் வேறு ஆள் பார்த்துக்கொள்வாள். உன் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இரு. கடல் காற்று நல்லது.

தயவுசெய்து.

ஹாலிஸ்


கார்வெல்
செப்டம்பர் 10

ஹாலிஸுக்கு,

மூன்று வரி. என் மகளின் குரல் கேட்டது என்று எழுதினேன். கடல் காற்று வாங்கு என்று பதில் போடுகிறாய். அவளைத் தேடியவர்கள் ஆற்றங்கரையிலிருந்து திரும்பிய அன்றும் இப்படித்தான், வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, "சூப் இருக்கா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்காக இத்தனை வருஷம் உன்னை வெறுத்திருக்கிறேன்.

நான் நிறுத்தவில்லை. கல்லூரி வாசலில் இருக்கும் கடைக்கும் போனேன். கல்லாவில் ஒரு பெண், படித்துக்கொண்டே வேலை பார்ப்பவள், என் முன்னால் இரண்டு குவளையை வைத்தாள். ஒன்றுதான் கேட்டேன் என்றேன். "உங்க கூட வந்தவங்களுக்கு?" என்றாள்.

"என்கூட யாரும் வரலையே."

"பச்சைக் கோட்டுப் போட்டுக்கிட்டு, தலைமுடி ஈரமா... உங்களுக்குக் கதவைத் திறந்து விட்டாங்களே." வாசலை எட்டிப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கங்க, வேற யாரோ போல" என்று அந்தக் குவளையை எடுக்கக் கையை நீட்டினாள். நான் எடுக்க விடவில்லை. கடை மூடும்வரை அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பெண் போன வருஷம்தான் இந்த ஊருக்கு வந்தாளாம். சிக்னேயைப் பார்த்ததே இல்லை. சிக்னே அன்று போட்டிருந்த பச்சைக் கோட்டு அவளுக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் அவளுடைய பை கிடைத்தது. பியரில் போட அவள் பறித்த தளிர்கள் கிடைத்தன. அவள் கிடைக்கவில்லை. இந்த ஊரில் எல்லாக் கடையிலும் அவள் வளர்த்த ஈஸ்ட் இருக்கிறது. நிலவறையில் இருந்ததை நீ சாக்கடையில் ஊற்றிவிட்டாய். அப்படியானால் இதை உண்டாக்கியது யார்? அவள் உயிரோடு இருக்கிறாள், ஹாலிஸ். எங்கேயோ காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு கடையாக, யாரிடம் வாங்கினாய், யாரிடம் வாங்கினாய் என்று கேட்டுக்கொண்டே போகிறேன். எல்லாரும் கணவாய்ச் சாலையைக் காட்டுகிறார்கள்.

நாளை மறுநாள் போகிறேன்.

மார்கிட்


கார்வெல்
செப்டம்பர் 13

ஹாலிஸ்,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

ரோண்டா டெக்கர் ஆள் பெரியவள், கை ஒவ்வொன்றும் உன் தொடை பருமன். முன்பு சுரங்கத்தில் லாரி ஓட்டியவளாம். நான் உள்ளே போனதும், "வாங்க. எப்பவாவது வருவீங்கனு தெரியும்" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"என் பொண்ணு எங்க?" என்று கேட்டேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவள் முகம் மாறியது. என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அய்யோ, அப்படி நினைச்சுட்டா வந்தீங்க? இல்லம்மா. இல்ல." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அந்த ஈஸ்ட்டை உங்க வீட்டுக்காரர்தான் கொண்டாந்து குடுத்தார்."

அவளே சொன்னாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை, கடையைத் திறக்கக்கூட இல்ல. வண்டியில உக்காந்திருந்தார். பக்கத்து சீட்ல சாடி, அதுக்கு சீட் பெல்ட் போட்டு, மேல கம்பளி போத்தி. 'இது சாகக்கூடாது, ஆனா என்னால இனிமே வச்சிருக்க முடியாது'ன்னார். 'நான் மட்டும் வச்சிருந்தா ஒருநாள் கெட்டுப்போயிரும், ஊரு பூரா குடுத்துரவா?'ன்னு கேட்டேன். யோசிச்சார். 'குடு, எல்லாருக்கும் குடு, ஆனா எங்க வீட்டுல தெரிய வேணாம்'ன்னார். அழல. அழுதிருந்தா எனக்கும் சுலபமா இருந்திருக்கும்."

மலையிலிருந்து எப்படி வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்கினேன் என்று தெரியவில்லை. வழியில் இரண்டு தடவை நிறுத்தினேன். அவள் உயிரோடில்லை என்று ரோண்டா சொன்ன அந்த ஒரு "இல்ல"வை வைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் சீட் பெல்ட் போட்ட சாடியை நினைத்து அழுதேன்.

நீ கொட்டவில்லை. நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி உன்னை வீட்டைவிட்டு அனுப்பினேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். மூன்று வரியில் முடிக்காதே.

மார்கிட்


ஹோல்கம்ப்
செப்டம்பர் 22

அன்புள்ள மார்கிட்,

எழுதிவிடுகிறேன். வெர்ன் தேவாலயத்துக்குப் போயிருக்கிறான், வீடு அமைதியாக இருக்கிறது.

அவள் போன பிறகு அந்தச் சாடியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஈஸ்ட்டுக்கு அவ்வப்போது சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். நான் கொடுத்தேன். நீ தூங்கும் மத்தியான நேரத்தில் நிலவறைக்குப் போவேன். மூடியில் இருக்கும் குழாய் வழியாகக் குமிழி வரும். ஒருநாள் குமிழிச் சத்தத்துக்கு நடுவே, "கம்மியா ஊத்துப்பா, பொங்கிரும்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் பேசினாள். சின்னச் சின்னப் பேச்சு. வண்டிக்கு எண்ணெய் மாற்றினாயா. பழைய பூட்ஸைத் தூக்கிப் போடு. சில நாள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். பச்சைக் கோட்டு. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டும். ஆனால் தரை நனையாது. எனக்குப் பயமாக இல்லை. இவ்வளவு சந்தோஷம் ஒரு மனிதனுக்கு இருக்கலாமா என்றுதான் இருந்தது.

அப்புறம் மேலே ஏறி வருவேன். நீ அவளுடைய தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை, கனவுலயாவது வரமாட்டேங்கறாளே" என்பாய். தினமும் சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "வருவா" என்பேன். என் காதில் அவள் குரல் அப்போதும் இருக்கும்.

என்னிடம் வருகிறாள், உன்னிடம் வரவில்லை என்று எப்படிச் சொல்வேன்? ஒருநாள் அவளிடமே கெஞ்சினேன். "அம்மாகிட்ட போம்மா" என்றேன். குமிழிதான் வந்தது. உன்னிடமிருந்து திருடித் தின்கிற மாதிரி இருந்தது, மார்கிட். அதனால்தான் சாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தரையைக் கழுவினேன். நீ திட்டினபோது திட்டட்டும் என்று இருந்தேன். நான் அந்த வீட்டை விட்டுப் போனால், என்னைக் காணாமல் அவள் உன்னைத் தேடி வருவாள் என்று நினைத்தேன்.

அவள் என்னோடு இங்கே வந்துவிட்டாள். இங்கே ஈஸ்ட்டும் இல்லை, நிலவறையும் இல்லை. தானியக் கிடங்கு வாசலில் நிற்பாள். அதை உனக்கு எழுத எனக்கு இத்தனை வருஷம் கை வரவில்லை.

நீ கடைகளுக்குப் போகத் தொடங்கியதாக எழுதினாயே, அந்த வாரத்திலிருந்து அவள் இங்கே வருவது குறைந்துவிட்டது. உன்னை நிறுத்தச் சொன்னேன். உனக்காகச் சொல்லவில்லை. எனக்குப் பொறாமை. இத்தனைக்கும் பிறகு பொறாமை.

குளிர்ச்சியாகக் குடிக்காதே என்று உன்னிடம் சொன்னாளே, அது அவள் பேச்சுதான். அதை ருசி பார்க்கும் குறிப்பில் நான் எழுதவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.

ஹாலிஸ்


கார்வெல்
செப்டம்பர் 29

என் ஹாலிஸ்,

கோபப்பட்டுப் பார்த்தேன். இரண்டு நாளைக்கு மேல் தாங்கவில்லை.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. டார்லீன் என் வரிகளில் பாதியை வெட்டிவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் 'குதூகலம்' என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறாள். ரோண்டாவின் கடையைப் பற்றி நான் எழுதியதில் மட்டும் கைவைக்க விடவில்லை. அக்டோபர் பத்தாம் தேதி ரோண்டாவின் கடையில் வெளியிடுகிறார்கள்.

வா. வீட்டில் தங்க வேண்டாம் என்றால் ஆகியின் மாடியில் அறை இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்காருவோம். யாரிடம் வருகிறாள் என்று அவள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் இருக்கிறோம் என்று பார்க்கட்டும்.

மார்கிட்


ஹோல்கம்ப்
அக்டோபர் 20

அன்புள்ள மார்கிட்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வழியில் வயோமிங் எல்லையில் கொஞ்சம் பனி. வெர்ன், "என்ன, பத்து வயசு குறைஞ்ச மாதிரி வந்திருக்கே?" என்கிறான்.

அந்த மூலை மேஜையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ரோண்டா கேட்காமலே மூன்று குவளை வைத்தாளே. நீ அந்த மூன்றாவது குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. அவள் உன்னிடம் பேசுகிறாள் என்று தெரிந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு எதுவும் கேட்கவில்லை. பியர் வாசனை, பக்கத்து மேஜைச் சத்தம், அவ்வளவுதான். கேட்கவில்லை என்று சொன்னால் உன் சிரிப்பு போய்விடும் என்று, கேட்கிற மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்த பிறகும் அவள் இல்லை. கிடங்கு வாசலில் போய் நின்று பார்த்தேன். காலையில், சாயங்காலத்தில். வெறும் வாசல். முதலில் கஷ்டமாக இருந்தது. அப்புறம் மனம் நிறைந்துவிட்டது. ஆரம்பத்திலிருந்து நான் அவளிடம் கேட்டது இதைத்தானே. அவள் அம்மாவிடம் வந்து சேர்ந்துவிட்டாள். உன்னைத் தனியாக விட்டுவிட்டேனே என்ற எண்ணம் இனி எனக்கு இல்லை.

பொறாமையும் இல்லை. சத்தியம். பூட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடு.

உன் ஹாலிஸ்


கார்வெல்
அக்டோபர் 20

என் ஹாலிஸ்,

வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். நீ மறந்துவிட்டுப் போன தொப்பியைத் தனியாக அனுப்புகிறேன்.

உன்னிடம் அங்கே சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ரோண்டாவின் மேஜையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குவளை, நுரை, அதற்குமேல் எதுவும் இல்லை. நான் நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாய், சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடக் கதை சொல்லும்போது கேட்பாயே, அதேபோல. அவள் உன்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள். அதனால்தான் சிரித்தேன். உன் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

நீ போன பிறகு ஊரில் எல்லாக் கடைக்கும் ஒரு சுற்று போய் வந்தேன். வாசனை இருக்கிறது. அவள் இல்லை. கல்லூரி வாசல் கடைப் பெண் ஒரே ஒரு குவளை வைத்தாள். நான் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, அதைக் குடித்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

உன் வண்டியில் ஏறிப் போய்விட்டாள் என்று புரிந்துகொண்டேன். எனக்கு வருத்தமில்லை. கொஞ்ச நாளைக்கென்றாலும் என்னிடமும் வந்தாளே, அது போதும். நீ அங்கே தனியாக இல்லை என்ற நினைப்பில் இப்போது எனக்குத் தூக்கம் வருகிறது.

அங்கே சீக்கிரம் குளிர் வந்துவிடும். ஈரத் தலையோடு அவளை வெளியே நிற்க விடாதே. உள்ளே கூப்பிட்டு உட்கார வை. நான் கேட்டதாகச் சொல்.

உன் மார்கிட்